ஒரு மணி, ஒரு சேதி: நாயக்கர் காலத்திலிருந்து ஏ.ஐ. வரை

1/6
திருப்பரங்குன்றம், திருமங்கலம் வழியா ஸ்ரீவில்லிபுத்தூர் போற பாதைக்கு ஒரு கதை உண்டு மக்களே. திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) அங்க ஆண்டாள் கோயில் பூஜை முடிஞ்ச பிறகுதான் மதுரையில சாப்பிடுவாராம்.

2/6
தூரம் சுமார் 75 கி.மீ. குதிரையில ஆள் வந்து சொல்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். அதனால வழிநெடுக மண்டபம், மண்டபத்துக்கு ஒரு மணி. ஒருத்தர் அடிச்சா, அதைக் கேட்டு அடுத்தவர் அடிப்பார். வாய்வழிக் கதைதான், ஆனா யோசனை அபாரம்.

3/6
போன சேதி என்ன? "முடிஞ்சது." அவ்வளவுதான். 1948-ல் கிளாட் ஷானன் எழுதிய தகவல் கோட்பாட்டின்படி இது ஒரே ஒரு பிட். மணிக்கு என்ன அர்த்தம்னு முன்னாடியே பேசி வச்சதாலதான் அது போதுமானதா இருந்தது.

4/6
2016-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக்கப் ஃபோர்ஸ்டர் குழு ஏ.ஐ. ஏஜென்ட்டுகளுக்கு ஒரு புதிர் கொடுத்தது. கைதிகள் ஒவ்வொருத்தரா ஒரு அறைக்குப் போகணும். சேதி சொல்ல அங்க ஒரே ஒரு பல்பு. எல்லாரும் வந்துட்டாங்களான்னு கண்டுபிடிக்கணும். பல்பு எரிஞ்சா என்ன அர்த்தம்னு ஏஜென்ட்டுகள் பயிற்சியில தாங்களே உருவாக்கிக்கிட்டன.

5/6
இன்னைக்கு மொழி மாடல்கள் பல சேர்ந்து ஒரே வேலையைப் பார்க்குது. அதுங்க பேசிக்கிற ஒவ்வொரு டோக்கனுக்கும் காசு, நேரம். அதனால சுருக்கமாப் பேச வைக்கிறதே பெரிய ஆராய்ச்சி.

6/6
டாக்டரா எனக்கு ஒரு கவலை. நடுவுல ஒருத்தர் தப்பா மணி அடிச்சாலும் அது மதுரை வரை போகும். ஐ.சி.யூ.வில் ஷிஃப்ட் மாறும்போது "பேஷன்ட் ஸ்டேபிள்" என்பதும் அந்த மணி மாதிரிதான். பி.பி. எவ்வளவு, என்ன மருந்து ஓடுதுன்னு நாங்க திருப்பிக் கேட்போம். சுருக்கம் நல்லது. திருப்பிக் கேட்க வழி இல்லாத சுருக்கம், உயிர் சம்பந்தப்பட்ட இடத்துல ஆபத்து. ஏ.ஐ.க்கும் இதே விதிதான்.