வட ஆற்காடும் தென் ஆற்காடும்

வட ஆற்காடு, தென் ஆற்காடு என்பன சென்னை மாகாணத்திலும் பின்னர் தமிழ்நாட்டிலும் அடுத்தடுத்து அமைந்திருந்த இரண்டு மாவட்டங்கள் ஆகும். ஆற்காடு நவாபின் ஆட்சிப்பகுதி 1801 ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியதை அடுத்து இவை உருவாயின. வட ஆற்காடு 1989 இலும், தென் ஆற்காடு 1993 இலும் பிரிக்கப்பட்டன. இன்று இப்பெயர்களில் மாவட்டம் எதுவும் இல்லை. இரண்டிற்கும் இடையிலான எல்லை மாறாமல் இருந்ததில்லை. திருவண்ணாமலையும் அதனை அடுத்துள்ள கீழ்பென்னாத்தூரும் 1911 வரை தென் ஆற்காட்டிலும் அதன் பின்னர் வட ஆற்காட்டிலும் இருந்தன. ஆகவே இப்பகுதியின் பழைய வரலாற்றைத் தேடுவோர் இரு மாவட்டங்களின் ஆவணங்களையும் பார்க்க வேண்டியுள்ளது.

பெயர்

இரு மாவட்டங்களும் பாலாற்றங்கரையில் உள்ள ஆற்காடு நகரின் பெயரைப் பெற்றவை. ஆறு காடுகள் சூழ்ந்த இடம் என்பதால் இப்பெயர் வந்தது என்பர். 'ஆர்' எனப்படும் ஆத்தி மரங்கள் நிறைந்த காடு என்று பொருள் கொள்வோரும் உளர். ஆற்காடு நகரம் வட ஆற்காட்டில் மட்டுமே இருந்தது. தென் ஆற்காடு மாவட்டம் தன் எல்லைக்குள் இல்லாத ஒரு நகரின் பெயரைத் தாங்கி நின்றது.

பொது வரலாறு

பண்டைய நாட்டுப் பிரிவுகளின்படி வட ஆற்காட்டின் பெரும்பகுதி தொண்டை நாட்டையும், தென் ஆற்காட்டின் பெரும்பகுதி நடுநாட்டையும் சேர்ந்தது. 13 ஆம் நூற்றாண்டில் சேந்தமங்கலத்தைத் தலைநகராகக் கொண்ட காடவராயர்களும், 14 ஆம் நூற்றாண்டில் படைவீட்டைத் தலைநகராகக் கொண்ட சம்புவராயர்களும் இப்பகுதிகளில் ஆட்சி செய்தனர். விசயநகரப் பேரரசின் காலத்தில் செஞ்சி நாயக்கர்கள் சிறப்புற்றனர்.

1698 இல் செஞ்சிக் கோட்டை மராத்தியரிடம் இருந்து முகலாயர் வசமானது. பின்னர், 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நவாபுகளின் தலைநகரம் செஞ்சியிலிருந்து ஆற்காட்டுக்கு மாற்றப்பட்டது. இவ்வாறு, பிற்காலத்தில் தென் ஆற்காடாகவும் வட ஆற்காடாகவும் ஆன இரு பகுதிகளிலும் ஒரே ஆட்சியின் தலைநகரம் அடுத்தடுத்து இருந்துள்ளது.

கருநாடகப் போர்களின் முக்கியமான களங்கள் பல இப்பகுதிகளிலேயே அமைந்தன. ஆம்பூர்ப் போர் (1749), ஆற்காட்டு முற்றுகை (1751), வந்தவாசிப் போர் (1760) ஆகியன வடபகுதியில் நடந்தவை. செஞ்சிக் கோட்டையை 1750 இல் பிரெஞ்சுக்காரரும் 1761 இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். ஐதர் அலியுடனான பரங்கிப்பேட்டைப் போர் 1781 இல் தென்பகுதியில் நடந்தது.

1801 சூலை 31 அன்று நவாப் அசீம்-உத்-தௌலாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆட்சியுரிமை முழுவதும் கம்பெனியிடம் சென்றது. நவாபின் நிலப்பகுதி பரந்து கிடந்தமையால் ஆற்காடு வடபிரிவு, தென்பிரிவு என இரண்டாக நிருவகிக்கப்பட்டது. இப்பிரிவுகளே மாவட்டங்கள் ஆயின. 1806 சூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்களின் எழுச்சி நிகழ்ந்தது.

ஒப்பீடு

தலைமையிடம்: வட ஆற்காட்டிற்கு 1911 வரை சித்தூரும் பின்னர் வேலூரும் தலைமையிடங்களாக இருந்தன. தென் ஆற்காட்டின் தலைமையிடம் கடலூர் ஆகும்.

நில அமைப்பு: வட ஆற்காட்டிற்குக் கடற்கரை இல்லை, சவ்வாது மலை, பாலாறு, செய்யாறு ஆகியன இங்கு உள்ளன. தென் ஆற்காடு வங்கக் கடலை ஒட்டியது. கல்வராயன் மலை, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு ஆகியன இதனைச் சார்ந்தவை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் பகுதிகள் தென் ஆற்காட்டு ஊர்களுக்கு இடையே சிதறிக் கிடந்தன.

பொருளாதாரம்: இரண்டிலும் நிலக்கடலை முக்கியப் பயிர். வட ஆற்காட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்கும், ஆரணி பட்டு நெசவுக்கும் பெயர் பெற்றவை. தென் ஆற்காட்டில் நெய்வேலி பழுப்பு நிலக்கரியும், பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் குறிப்பிடத்தக்கன.

கல்வி, மருத்துவம்: வேலூரில் ஐடா இசுகடர் அம்மையார் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், சிதம்பரத்தில் 1929 இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் உள்ளன.

இரு மாவட்டங்களையும் நீர் இணைத்தது. தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணை வட ஆற்காட்டு எல்லைக்குள் கட்டப்பட்டது. அதன் நீர் தென் ஆற்காட்டு வயல்களுக்கும் பாய்ந்தது.

1911 ஆம் ஆண்டின் மாற்றம்

1911 இல் சித்தூர் மாவட்டம் புதிதாக அமைக்கப்பட்டது. சித்தூர், பலமநேர், திருப்பதியை உள்ளடக்கிய சந்திரகிரி ஆகிய வட்டங்களும், காளத்தி, கார்வேட்டிநகரம் போன்ற சமீன் பகுதிகளும் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தன. அதே ஆண்டில் தென் ஆற்காட்டின் திருவண்ணாமலை வட்டம் வட ஆற்காட்டுடன் சேர்க்கப்பட்டது.

இம்மாற்றத்திற்கு இரமண மகரிசியின் வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு. அவர் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தபோது அவ்வூர் தென் ஆற்காட்டில் இருந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தபோது வட ஆற்காட்டில் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் அம்மலையை விட்டு நீங்கியதே இல்லை. எல்லைக்கோடுதான் இடம் மாறியது.

ஆயினும் சைவ மரபு இம்மாற்றத்தைக் கணக்கில் கொள்வதில்லை. தேவாரப் பாடல் பெற்ற தலங்களின் வரிசையில் திருவண்ணாமலை நடுநாட்டுத் தலங்கள் 22 இல் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. இன்று அதே மாவட்டத்தில் உள்ள திருவோத்தூர் (செய்யாறு) தொண்டை நாட்டுத் தலமாகும்.

மாநில எல்லை

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. இதனால் வட ஆற்காட்டின் வடக்கு எல்லை மாநில எல்லையாக மாறியது. தமிழர் மிகுந்த பகுதிகளை மீட்க ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடினர். படாசுகர் பரிந்துரைகளின் அடிப்படையில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. ஆனால் அது வட ஆற்காட்டிற்குத் திரும்பவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது.

பிரிவினையும் இன்றைய நிலையும்

வட ஆற்காடு 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்றும், தென் ஆற்காடு 1993 செப்டம்பர் 30 அன்று தென் ஆற்காடு வள்ளலார், விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் என்றும் பிரிக்கப்பட்டன. 1990களின் பிற்பகுதியில் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு, வேலூர், திருவண்ணாமலை, கடலூர், விழுப்புரம் எனத் தலைமையிடங்களின் பெயர்களே நிலைத்தன. 2019 இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், வேலூரிலிருந்து இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் பிரிந்தன. ஆற்காடு நகரம் இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது.

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் நெடுஞ்சாலையில், இரு பழைய மாவட்டங்களும் சந்தித்த பகுதியில் அமைந்துள்ளது. இன்று தனி வட்டமாகவும் சட்டமன்றத் தொகுதியாகவும் விளங்குகிறது. பழைய எல்லை தேர்தல் வரைபடத்திலும் அழிந்துவிட்டது: ஆரணி மக்களவைத் தொகுதியில் வட ஆற்காட்டைச் சேர்ந்த போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி ஆகியவற்றுடன் தென் ஆற்காட்டைச் சேர்ந்த செஞ்சியும் மயிலமும் இடம்பெற்றுள்ளன.

ஆவணங்களைத் தேடுவோர்க்கு

திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர் பகுதிகளைப் பற்றி 1911 க்கு முந்தைய செய்திகளைத் தென் ஆற்காட்டு நூல்களிலேயே காணலாம். கார்சுடின் எழுதிய மாவட்டக் கையேடும் (1878), பிரான்சிசு எழுதிய மாவட்ட விவரச்சுவடியும் (1906) இவற்றுள் முதன்மையானவை. 1911 முதல் 1989 வரையிலான பதிவுகளை வட ஆற்காட்டின் கீழும், அதற்குப் பிந்தையவற்றைத் திருவண்ணாமலை மாவட்டத்தின் கீழும் தேட வேண்டும். ஒரே ஊரின் நில ஆவணங்கள் மூன்று மாவட்டப் பெயர்களில் இருந்தால் அது பிழையன்று.