ஊர்ப்பெயரால் தேடுவோர்

தமிழர் மிகுதியாக வாழும் சித்தூர், தேவிகுளம் வட்டங்களின் வரலாற்றை ஆராயும் மாணவர், ஆவணக் காப்பக இணையத்தளத்தின் தேடுபெட்டியில் முதலில் இடுவது ஊர்ப்பெயரையே. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. 1949 வரை சித்தூர் கொச்சி அரசிலும் தேவிகுளம் திருவிதாங்கூரிலும் இருந்தன. சித்தூரை அடுத்த பாலக்காடோ 1956 வரை சென்னை ஆட்சியின் மலபார் மாவட்டம். எனவே அண்டை ஊர்களின் கோப்புகள் எர்ணாகுளம், திருவனந்தபுரம், கோழிக்கோடு, சென்னை எழும்பூர் எனச் சிதறியுள்ளன. இடுக்கி மாவட்டமோ 1972இல்தான் உருவானது. அதற்கு முந்தைய கோப்புகளை அம்மாவட்டப் பெயரால் தேடிப் பயனில்லை.

கோப்புகளை அவற்றை உருவாக்கிய துறை, ஆண்டு என்னும் ஒழுங்கில் பேணுவது காப்பக மரபு. அது தேவையானதே, கோப்பு பிறந்த சூழலை அதுவே காக்கிறது. ஆனால் அலமாரியின் ஒழுங்கே தளத்தின் ஒரே வாயிலாகவும் அமையும்போது, எத்துறை எழுதியது என்று முன்பே அறிந்தவருக்கு மட்டுமே கதவு திறக்கிறது.

சீர்காழியில் பிறந்த சென்னைப் பல்கலைக்கழக நூலகர் அரங்கநாதன், 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவதாக வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை வைத்தார். 1933இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்புமுறையில் இடமும் காலமும் தனித்தனி முகங்கள். எம்முகத்திலிருந்தும் பொருளை அணுகலாம். இன்று இணையக் கடையில் நிறம், விலை, அளவு எனச் சலித்துப் புடவை தேர்கிறோமே, அதுவும் இவ்வகைச் சிந்தனைதான். ஆய்வாளருக்கும் அவ்வசதி வேண்டும்: 'பால்காட்' என்றாலும் பாலக்காடு என்றாலும் ஓரிடமே எனத் தளம் அறிய வேண்டும், அவ்விடம் எவ்வாண்டில் எவ்வரசின்கீழ் இருந்தது, கோப்பு இன்று எந்நகரில் உள்ளது என்பதையும் அதுவே காட்ட வேண்டும்.