பெகி ஆஷ்கிராஃப்ட்: மேடையில் கழிந்த ஆண்டுகள்

1984-இல் ஒளிபரப்பான 'தி ஜுவல் இன் தி கிரவுன்' தொலைக்காட்சித் தொடரில், இந்தியாவில் தனித்துப்போன மிஷன் பள்ளி ஆசிரியை பார்பியாகவே பெகி ஆஷ்கிராஃப்டை நம்மில் பலர் அறிவோம். 'எ பாசேஜ் டு இந்தியா' திரைப்படத்துக்காக 1985-இல் ஆஸ்கார் பெற்றபோது அவருக்கு அகவை 77. திரைப்புகழ் தாமதமாக வந்தது. மேடை அவரை முன்பே அறிந்திருந்தது.

1930-இல் இலண்டன் சவாய் அரங்கில் கறுப்பினக் கலைஞர் பால் ராப்சன் ஒத்தெல்லோ, இவர் டெஸ்டிமோனா. வெள்ளைப் பெண் அவருடன் நடிப்பதா என்று வசைக் கடிதங்கள் வந்தன. நிறவெறியின் முகத்தை இருபத்திரண்டு வயதில் அருகிருந்து கண்டார்; ஆயினும் பின்வாங்கவில்லை.

அவர் கலையின் சிகரம், என் கணிப்பில், 1963-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் அரங்கேறிய 'ரோஜாப் போர்கள்' நாடகத் தொகுதியே. ஐம்பத்தைந்து வயதில் இளம் மார்கரெட்டாக நுழைந்து, சபிக்கும் கிழவியாக வெளியேறினார். 1965-இல் பி.பி.சி. அதனை ஒளிபரப்பியது.