வேலூர் அரியணையும் இரு தளபதிகளும்

அத்திப்பட்டுக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர் கெல்ட்ரியா கோட்டையை அமைத்தபோது, அத்துறைமுகம் விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடரின் ஆட்சியில் இருந்தது. மறு ஆண்டே அவர் காலமானார். தம் சகோதரர் மகன் ஸ்ரீரங்கரை அவர் வாரிசாக நியமித்திருந்தார். ஆனால் அரசி ஒருவரின் குடும்பத்தவரான கொப்பூரி ஜக்கராயர், அரசியின் மகன் எனக் காட்டப்பட்ட சிறுவனை முன்னிறுத்தி, ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு வேலூரில் சிறைவைத்துக் கொன்றார். இளவரசர் இராமதேவர் மட்டும் தப்பினார். எதிரணித் தளபதி யாசம நாயக்கரின் ஏற்பாட்டில் சலவைத் தொழிலாளி ஒருவர் அவரை வெளியே கொண்டுவந்ததாகப் பாதிரியார் பராதாஸின் கடிதம் கூறுகிறது.

மதுரையும் செஞ்சியும் ஜக்கராயரை ஆதரித்தன. தஞ்சை இரகுநாத நாயக்கர் யாசமருடன் நின்றார். கல்லணையை அடுத்த தோப்பூர்ப் போரில் ஜக்கராயர் மாண்டார். எனினும் அவர் தம்பி எதிராஜர் போரைத் தொடர்ந்தார். இறுதியில் இராமதேவர் எதிராஜரின் மகளை மணந்து சமாதானம் கண்டார். உயிர்காத்த யாசமரோ ஒதுக்கப்பட்டார்.

அரசைத் தாங்குவது ‘அஸபிய்யா’ எனும் குழுப்பற்றே என்றார் இப்னு கல்தூன். நிலமும் படையும் தளபதிகளின் குடும்பங்களிடம் இருந்தமையால், அப்பற்றும் அக்குடும்பங்களைச் சார்ந்தே நின்றது. மன்னரின் நியமனம் அவருடனேயே மறைந்ததில் வியப்பில்லை.