மேஸ்திரியின் கைக்கணக்கு

பாலாற்றை ஒட்டிய வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் முதலிய தோல் ஊர்களில், தோல் பதனிடும் பழைய டேனரியின் அன்றாட வேலையை நடத்தியவர் பெரும்பாலும் மேஸ்திரிதான். முதலாளிக்குத் தோல் வாங்குவதும் விற்பதுமே முழுநேர அலைச்சல். சென்னைப் பெரியமேட்டுக் கமிஷன் மண்டியில் முன்பணம் பெறுவதும், பதனிட்ட தோலை அங்கேயே அனுப்புவதும் வழக்கம். அங்கிருந்து சரக்கு லண்டனுக்குக் கப்பலேறியது.

மேஸ்திரியிடம் பொறுப்பு போனதற்கு முதலாளியின் பெருந்தன்மை காரணமல்ல, வேலை அப்படி. ஊறிய தோல் சுண்ணாம்புக் குழிக்குப் போகும். மயிர் எப்போது கழலும் என்பதை வெயிலும் பனியும் தீர்மானிக்கும். நாள் கூடினால் தோல் தளர்ந்துவிடும், குறைந்தால் மயிர்க்கால் நிற்கும். பிறகு சாய்ந்த கட்டையில் போட்டு, இரு பக்கமும் பிடியுள்ள கத்தியால் சதை சீவுவார்கள். அழுத்தம் சற்றுப் பிசகினால் வெட்டு விழும், விலையும் விழும். அடுத்தது ஆவாரம்பட்டைத் தொட்டி. அதில் வாரக்கணக்கில் ஊறியபின் கடுக்காய்ச் சாறு. பட்டைச் சாறு உள்வரை ஏறியதா என்று ஓரத்தை நறுக்கி நிறம் பார்ப்பார்கள், மடித்து விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். கைக்குத்தான் தெரியும் இந்தக் கணக்கில் முதலாளி பக்கத்தில் நின்று அதட்டுவதால் தோல் சீக்கிரம் பதமாகிவிடாது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆள் சேர்ப்பது, முன்பணம் கொடுப்பது, வேலை பிரிப்பது எல்லாம் மேஸ்திரி கையில் இருந்தன. குழியிலும் கட்டையிலும் உழைத்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். முதலாளி வைத்த நம்பிக்கை மேஸ்திரியோடு நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

பட்டைக்குப் பதில் குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறை இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. 1912இல் சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் சென்னைக்கருகே குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே பிறந்தது. ஆனால் இந்தப் பாலாற்று ஊர்கள் அடங்கிய வேலூர் வட்டாரத்தைப் பெருமளவில் புரட்டிப்போட்டது அரசு அமைத்த சீத்தாராமையா குழுவின் பரிந்துரை. அதையொட்டி 1973 முதல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. டேனரிகள் முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் மாறின. தொட்டியில் வாரங்கள் பிடித்த வேலை, குரோம் முறையில் சுழலும் டிரம்மில் ஓரிரு நாளில் முடிந்தது. அமிலத்தின் அளவை நிறம் மாறும் தாள் காட்டியது. தோல் பதமானதா என்று அறிய, அதைக் கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்த்தார்கள். எண்ணில் எழுத முடிந்ததை மேலிருப்பவர் எட்ட நின்றே கேட்கலாம். அதனால் மேஸ்திரியின் இடத்துக்கு டெக்னீஷியன் வந்தார்.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கண்காணிப்பு இன்னும் நெருங்கியது. பெண்கள் பெருமளவில் வேலை செய்யும் தையல் வரிசையில் மணிக்கு இத்தனை ஜோடி என்று இலக்கு. அதைப் பார்க்க சூப்பர்வைசர். அவருக்கும் மேலே வெளிநாட்டு பிராண்டின் ஆய்வாளர்.

தரம் பிரிக்கும் மேசையில் மட்டும் பழைய வழக்கம் பெரிதும் மாறவில்லை. அங்கே இன்றும் அனுபவசாலி ஒருவர் தோலை வெளிச்சத்தில் விரித்து, தடவிப் பார்த்துத்தான் தரம் சொல்கிறார். விலை அதையொட்டியே அமைகிறது.