மலையேறிய இரண்டு பேராசிரியர்கள்



பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கிய ஒரு மாலையில் தகப்பனார் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். கையில் ஒரு பெரிய டப்பா. "சார், இதைக் கரைச்சுக் குடுத்தா பையன் மாவட்ட ஓட்டத்துல முதலாவதா வருவானாம். கடையில சொன்னாங்க" என்றார். அமினோ அமிலப் பொடி என்று போட்டிருந்தது. விலை, அவருடைய ஒரு வாரக் கூலியில் பாதிக்கு மேல்!

தசைக்குப் பலம் டப்பாவில் கிடைக்கும் என்ற நம்பிக்கை புதியதன்று. ஜெர்மனியில் லீபிக் என்னும் வேதியியல் அறிஞர், தசை வேலை செய்யும்போது புரதமே எரிபொருளாகச் செலவாகிறது என்று கற்பித்தார். பெரியவர் சொல்லிவிட்டால் மறுப்பார் உண்டோ? இறைச்சிச் சாற்றைக் காய்ச்சி இறுக்கி விற்க, அவர் பெயரிலேயே 1865இல் லண்டனில் ஒரு கம்பெனி எழுந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், சூரிச் நகரப் பேராசிரியர்களான ஃபிக், விஸ்லிசேனஸ் இருவரும் சுவிட்சர்லாந்திலுள்ள ஃபால்ஹார்ன் மலையில் ஏறினார்கள். ஏறிய உயரம் 1,956 மீட்டர். கடற்கரையிலிருந்து நம் பிரிஞ்சாங் சிகரம் வரை ஏறுவதாக எண்ணிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் நாள் நண்பகலிலிருந்தே அவர்கள் புரதத்தைத் தொடவில்லை. கொழுப்பில் பொரித்த மாவுப் பண்டமும் சர்க்கரை போட்ட தேநீருமே உணவு. (பீரும் ஒயினும் கூட உண்டாம், அதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்.)

இருவரும் தங்கள் சிறுநீரைச் சேமித்து வைத்தார்கள். சிரிக்காதீர்கள், சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. உடலில் புரதம் எரிந்தால் அதிலுள்ள நைட்ரஜன் சிறுநீரில் வெளிவந்தே தீரும். அதை அளந்தால் எவ்வளவு புரதம் எரிந்தது என்று தெரிந்துவிடும். மறு ஆண்டு லண்டனில் ஃபிராங்க்லாண்ட் என்பவர் புரதத்தை எரித்து, அது தரும் வெப்பத்தை அளந்து கொடுத்தார். கணக்குப் பார்த்தால், மலையேறிய வேலையில் ஏறக்குறைய பாதிக்குத்தான் அந்தப் புரதம் காணும். மீதியை மாவும் சர்க்கரையும் கொழுப்பும் அல்லவா தந்திருக்க வேண்டும்!

கூடை சுமந்து இந்தச் சரிவுகளில் ஏறி இறங்கிய நம் பாட்டிமாரையும் ஏற்றிவிட்டது முக்கியமாகச் சோறுதான்.

அப்படியானால் புரதம் எதற்கு? உடலைக் கட்டவும் பழுது பார்க்கவும். அது 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 9 வகையை உடல் தானே செய்துகொள்ளாது. உணவுதான் தர வேண்டும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. சோற்றில் பருப்பை ஊற்றினால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. டப்பாவிலிருந்த லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றும் பருப்பிலும் முட்டையிலும் நெத்திலியிலும் ஏற்கெனவே உள்ளவை. போதுமான அளவு உண்பவருக்கு மேலும் கொடுத்தால் உடல் அதைச் சேமித்து வைப்பதில்லை. நைட்ரஜன் வெளியேறும் வழியைத்தான் பார்த்தோமே, காசும் அந்த வழிதான்.

காசோடு போனால் பரவாயில்லை. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருள்களைச் சோதித்தார்கள். 94இல், உறையில் குறிப்பிடாத, தடைசெய்யப்பட்ட ஹார்மோன் சரக்கு கலந்திருந்தது. நம் நாட்டுப் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் கதை உங்களுக்குத் தெரியும். அவர் உட்கொண்டது அமினோ அமிலமன்று. ஒருவகைக் காளான் மாத்திரை. அதன் உறையிலிருந்தே தடைசெய்யப்பட்ட மருந்து உடலில் சேர்ந்ததென்றும், அவர் ஏமாற்ற எண்ணவில்லை என்றும் விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆயினும் 2015இல் 8 மாதத் தடை. 2014 உலகப் போட்டியின் வெள்ளிப் பதக்கமும் போயிற்று.

இதையெல்லாம் அந்தத் தகப்பனாரிடம் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். "அப்ப முட்டை வாங்கிக் குடுக்கட்டுமா சார்?" என்றார். தாராளமாகக் கொடுங்கள் என்றோம். மறுநாள் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனார். உறை பிரிக்காமலே இருந்தும் கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார்.