வேலைக்குப் போனால் உதவித் தொகை நின்றுவிடுமா?

கணவரை இழந்தவராக இருக்கலாம், கணவரால் கைவிடப்பட்டவராக இருக்கலாம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமூக நல இலாகா தரும் உதவித் தொகையில் குடும்பம் நடத்தும் ஒரு தாய்க்குத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கிறது. மகிழ வேண்டிய அந்த நேரத்தில் அவர் மனத்தில் முதலில் எழுவது அச்சம்தான். வேலைக்குப் போனால் உதவிப் பணம் நின்றுவிடுமா?

இந்தக் கேள்வி தோட்டப்புற வாழ்க்கையில் எழுந்ததில்லை. அங்கே வேலை செய்தால்தான் வீடு. குடும்பத் தலைவர் இறந்துவிட்டால், லயத்து வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள மனைவியோ வளர்ந்த பிள்ளையோ பால்மரம் வெட்டப் போயாக வேண்டும். அழுது முடிப்பதற்குள் பெரட்டுக்கு நின்றாக வேண்டும் என்பது கொடுமைதான். ஆனால் கைக்குழந்தையை விட்டுச் செல்ல ஆயாக் கொட்டகை இருந்தது. வேலைக்காடும் நடை தூரத்தில்தான் இருந்தது.

சமூக நல இலாகா தோற்றுவிக்கப்பட்டது 1946-ஆம் ஆண்டில். ஜப்பானியர் ஆட்சி முடிந்த காலம் அது. சயாம் மரண இரயில் பாதைக்குப் போன தமிழர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. தோட்டம் தோட்டமாக விதவைகளும் தந்தையற்ற பிள்ளைகளும் நின்றார்கள். போருக்குப் பிந்திய நிவாரணமே இலாகாவின் தொடக்கப் பணியாக இருந்தது. வேலையே செய்ய இயலாதவருக்கு உதவி என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது.

இனி டெங்கிலைப் பார்ப்போம். முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் உருவாக்கிய தோட்டம் பிராங் பெசார். பெரும் போர் என்பதே அப்பெயரின் பொருள். 1995-இல் அங்கே புத்ராஜெயா நிர்மாணம் தொடங்கியது. பிராங் பெசார், செட்ஜ்லி, கேலோவே, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள் 1990-களின் இறுதியில் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

தோட்ட வேலை போனது. ஆயாக் கொட்டகையும் போனது. தனித்து வாழும் தாய் வேலைக்குப் போக வேண்டுமானால் பேருந்துக்குக் காசு வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் தர வேண்டும். வேலைக்குப் போவதற்கே ஒரு செலவு வந்து சேர்ந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். சமூக நல இலாகாவின் சிறார் உதவித் தொகை, 2020 வரை ஒரு பிள்ளைக்கு 100 ரிங்கிட், குடும்பத்திற்கு அதிகபட்சம் 450 ரிங்கிட். 2021-இல் அது ஆறு வயது வரையிலான பிள்ளைக்கு 200, ஏழு முதல் பதினெட்டு வயது வரை 150, குடும்பத்திற்கு அதிகபட்சம் 1,000 என்று உயர்ந்தது. வரவேற்க வேண்டிய உயர்வு. அதே ஆண்டில் உதவி பெறும் குடும்பத்தின் வருமான வரம்பு 980 ரிங்கிட்டில் இருந்து 1,169 ரிங்கிட்டாக ஆனது. ஆனால் நகரப் பகுதிகளில் குறைந்தபட்ச சம்பளம் அப்போது 1,200 ரிங்கிட். சட்டப்படியான ஆகக் குறைந்த சம்பளமே வரம்பை 31 ரிங்கிட் தாண்டிவிட்டது!

மூன்று பிள்ளைகள், அவர்களில் ஒன்று கைக்குழந்தை என்று வைத்துக்கொண்டால் 2021-ஆம் ஆண்டுக் கணக்கில் உதவி 500 ரிங்கிட். வேலைக்குப் போய் 1,200 சம்பாதித்து அந்த 500-ஐ இழந்தால், மாதம் முழுதும் உழைத்ததற்கு உண்மையான ஆதாயம் 700. அதிலும் குழந்தைப் பராமரிப்பு, பேருந்துக் கட்டணம் கழித்தால் மிச்சம் என்ன? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

உலகம் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்திருக்கிறது. அமெரிக்காவில் 1935-இல் தந்தையற்ற பிள்ளைகளுக்கான உதவித் திட்டம் வந்தது. தாய் ஒரு டாலர் சம்பாதித்தால் உதவியில் ஒரு டாலர் குறையும் நிலை அங்கே நெடுங்காலம் இருந்தது. 1967-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சம்பளத்தில் முதல் 30 டாலரையும் மீதியில் மூன்றில் ஒரு பங்கையும் கணக்கில் சேர்ப்பதில்லை என்றார்கள். 1981-இல் அந்தச் சலுகையை நான்கு மாதத்திற்குச் சுருக்கினார்கள். பிரிட்டனோ 1971-இல், வேலை செய்யும் ஏழைக் குடும்பத்திற்கே வருமானத் துணைத் தொகை கொடுக்கத் தொடங்கியது. உதவியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், வெட்டி எறியக் கூடாது என்பதே இதில் உள்ள பாடம்.

வெட்டி எறிந்தால் என்ன நடக்கும்? தாய் வேலையை விட மாட்டார், மறைப்பார். வீட்டு வேலை, கடை வேலை, பலகாரம் சுட்டு விற்பது என்று பதிவில்லாத கைக்காசாகப் பெற்றுக்கொள்வார். ஊழியர் சேமநிதி இருக்காது. சொக்சோ சந்தாவும் இருக்காது.

பெரிய இழப்பு அங்கேதான். 1971-இல் தொடங்கப்பட்ட சொக்சோ, சந்தா செலுத்திய தொழிலாளி இறந்தால், தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவருடைய விதவைக்கு மாத ஓய்வூதியம் தருகிறது. அந்த விதவை வேலைக்குப் போனாலும் அது நிற்பதில்லை. காரணம், அது இரக்கத்தில் வரும் பணம் அன்று, சந்தாவால் பெற்ற உரிமை. சந்தா செலுத்தும் தாயே இறக்க நேர்ந்தாலும் பிள்ளைகளுக்கு 21 வயது வரை ஆதரவு உண்டு. உதவித் தொகையைக் காப்பாற்ற வேலையை மறைக்கும் தாய், வேலை செய்தாலும் பறிபோகாத உரிமையை இழக்கிறார்.

2021 ஜூனில் வீட்டுப் பணியாளர்களுக்கும் சொக்சோ விரிந்தது. குறைந்தபட்ச சம்பளம் 2022-இல் 1,500, 2025-இல் 1,700 என உயர்ந்தது. சம்பளம் ஏறும்போது உதவிக்கான வரம்பும் சேர்ந்து ஏற வேண்டும். வேலை கிடைத்த முதல் சில மாதங்களுக்காவது உதவி தொடர வேண்டும்.

தாய்மார்களும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். வேலை கிடைத்தால் அதை மறைக்காமல் வட்டார சமூக நல அலுவலகத்தில் தெரிவித்து, எவ்வளவு குறையும், எது தொடரும் என்று கேட்டறிவதே நல்லது. சம்பளச் சீட்டில் சேமநிதியும் சொக்சோவும் பிடிக்கப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உதவித் தொகை இன்றைய அடுப்பை எரிய வைக்கும். சந்தா நாளைய பிள்ளைகளைக் காக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு தாயைக் கேட்கும் நிலை மாற வேண்டும்.